செவ்வாய் போட்டோல எலும்பு தெரியுதா? சண்டைக்கு போறதுக்கு முன்னாடி இதப் பண்ணுங்க

யாராவது ஒரு ரோவர் (செவ்வாய்ல ஓடற ஆளில்லா வண்டி) எடுத்த போட்டோவ வெட்டி, சிவப்பு வட்டம் போட்டு, "இது என்னனு சொல்லுங்க பாப்போம்"னு அனுப்பிட்டே இருக்காங்க. எலும்பு, பல்லி, சிலை, கதவு, எல்லாம் வந்தாச்சு. ஒரு பக்கம் ஏலியன்னு ஒருத்தர் குதிப்பார், இன்னொரு பக்கம் "வெறும் கல்லு, போங்கப்பா"னு இன்னொருத்தர், ரெண்டு பேருமே ஒரிஜினல் படத்த திறந்து பாத்திருக்க மாட்டாங்க, அதான் கடுப்பு. கல்லுன்னு சொல்றவரும் அளந்து பாத்துட்டு சொன்னா தான் அது பதில்.

அதனால முதல்ல அந்த வட்டம் போட்ட படத்த ஓரமா வெச்சுட்டு ஒரிஜினல தேடுங்க. க்யூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ்ங்கற ரெண்டு நாசா ரோவரும் அனுப்பற ரா இமேஜ, அதாவது கை வைக்காத படத்த, நாசா அப்படியே பொதுவுல போட்டுடுது, யார் வேணா எடுக்கலாம். தேடறதுக்கு சோல் நம்பர் வேணும், அதாவது ரோவர் இறங்கினதுலேர்ந்து செவ்வாய்ல அது எத்தனாவது நாள்னு. அனுப்பினவர்கிட்ட சோல் நம்பரும் கேமரா பேரும் கேளுங்க, குடுக்கலைன்னா அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல. கிடைச்சதும் அது தம்ப்நெயிலா (சின்னதாக்கின படம்) முழு சைஸான்னு பாருங்க. ஜேபெக்ங்கற ஃபைல் வகை படத்த 8க்கு 8 பிக்சல் கட்டமா தான் சுருக்கும், அதனால ஒரு துக்கடா கல்ல பெருசாக்கிட்டே போனா நேர்கோடும் செங்கோணமும் தானா முளைக்கும், அத வெச்சு "சுவர்"னு சத்தியம் பண்றவங்க நிறைய பேர். இப்போ புதுசா ஏஐ போட்டு ஷார்ப் பண்ணி வேற அனுப்பறாங்க, அது இல்லாத கண்ணு மூக்க அதுவே வரைஞ்சு வெச்சுடும். அந்த மாதிரி படத்துக்கு நான் பதிலே சொல்றதில்ல.

அடுத்தது சைஸ், பாதி சண்டை இங்கயே முடிஞ்சுடும். 2022 மே மாசம் க்யூரியாசிட்டி எடுத்த "கதவு" ஞாபகம் இருக்கா, உள்ள யாரோ குடியிருக்காங்கங்கற ரேஞ்சுக்கு பேசினாங்க, அதோட உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், அகலம் 40. பாறையில விரிசல் விட்டு ஒரு துண்டு விழுந்த இடம், அவ்ளோதான். 2007 கடைசியில ஸ்பிரிட்ங்கற பழைய நாசா ரோவர் எடுத்த படத்துல கைய நீட்டி உக்காந்திருந்த "ஆள்" அத விட மோசம், சில சென்டிமீட்டர் உயரக் கல்லு.

நீங்களே அளக்கலாம், பெரிய கணக்கு எல்லாம் இல்ல. க்யூரியாசிட்டியோட நேவ்கேம்ல (வழி பாக்கற கேமரா) இடது வலதுன்னு ரெண்டு கண்ணு, நடுவுல சுமார் 42 சென்டிமீட்டர். ஒரே நேரத்துல எடுத்த ரெண்டு படத்தையும் எடுத்துக்கோங்க, ரெண்டும் 1024 பிக்சல் அகலம் இருக்கணும். அந்த கல்லு ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு பக்கவாட்டுல எத்தனை பிக்சல் நகந்திருக்குனு பாருங்க, தூரத்து மலை எவ்ளோ நகந்திருக்கோ அத அதுலேர்ந்து கழிச்சுடுங்க, மிச்சம் வர நம்பரால 517ஐ வகுத்தா கல்லு எத்தனை மீட்டர் தள்ளி இருக்குனு தோராயமா வந்துடும். 52 பிக்சல்னா சுமார் 10 மீட்டர். அந்த தூரத்துல நேவ்கேம்ல ஒரு பிக்சல் 8 மில்லிமீட்டர், அதே ரோவரோட இன்னொரு கேமரா ஜோடியான மாஸ்ட்கேம்ல வலது கண்ணுக்கு ஒரு பிக்சல் முக்கால் மில்லிமீட்டர். மாஸ்ட்கேம் படத்துல "சிலை" 100 பிக்சல் உயரம் இருந்தா அது ஏழரை சென்டிமீட்டர், கொலு பொம்மை சைஸ் கூட இல்ல. (மாஸ்ட்கேம் ஜோடிய வெச்சு தூரம் அளக்க போகாதீங்க, ரெண்டு லென்ஸும் வேற வேற ஜூம், தலைவலி தான் மிச்சம்.)

ரெண்டு கண்ணும் இன்னொரு விதத்துல உதவும். 2014 ஏப்ரல்ல க்யூரியாசிட்டி படத்துல அடிவானத்துல பளிச்னு ஒரு வெளிச்சம்னு ஒரே கலாட்டா. வலது நேவ்கேம்ல இருந்துச்சு, ஒரு செகண்டுக்குள்ள எடுத்த இடது படத்துல இல்ல. விண்வெளியிலேர்ந்து வர காஸ்மிக் கதிர் கேமரா சென்சார்ல அடிச்சிருக்கும், இல்லைன்னா ஏதோ பாறை வெயில்ல மின்னிருக்கும்னு தான் நாசா தரப்புல சொன்னாங்க. ஒரு கண்ணுல மட்டும் தெரியறத வெச்சு எதையும் ஆரம்பிக்காதீங்க.

அப்புறம் அதே இடத்தோட முந்தின நாள் படமும் அடுத்த நாள் படமும் பாருங்க. இதுக்கு ஆப்பர்ச்சுனிட்டிங்கற இன்னொரு பழைய நாசா ரோவர் கதைய விட நல்ல உதாரணம் கிடையாது. சோல் 3528ல வெறும் தரை, சோல் 3540ல அதே இடத்துல ஜாம் வெச்ச டோனட் மாதிரி ஒரு கல்லு, ஓரம் வெள்ளை, நடுவுல சிவப்பு. 2014 ஜனவரி அது. ஒருத்தர் நாசா ஒழுங்கா படம் எடுக்கணும்னு கோர்ட்டுக்கே போயிட்டார், நாசா ஏற்கனவே எடுத்துட்டு தான் இருந்துச்சு! பிப்ரவரியில விஷயம் தெரிஞ்சுது, ரோவர் சக்கரம் ஏறி ஒரு பாறைய உடைச்சிருக்கு, அதுல ஒரு 4 சென்டிமீட்டர் துண்டு உருண்டு வந்து முன்னாடி நின்னிருக்கு. ரோவர் கொஞ்சம் நகந்து பாத்தப்போ உடைஞ்ச தாய்ப்பாறையும் பக்கத்துலயே கிடைச்சுது. ஆக திடீர்னு ஒண்ணு முளைச்சா முதல்ல சக்கரத் தடத்த தேடுங்க. பளபளன்னு ஏதாவது இருந்தா நம்ம குப்பையான்னும் பாக்கணும், 2022 ஜூன்ல பெர்சிவரன்ஸ் பாத்த ஃபாயில் துண்டும் ஜூலைல பாத்த நூல்கண்டும் அது இறங்கறப்போ விட்ட சாமான் தான்.

வெயில் பாக்க மறந்துடாதீங்க. நிழல் எந்தப் பக்கம் விழுதுனு பாத்து, வெளிச்சம் மேலேர்ந்து வர மாதிரி படத்த திருப்பினா மேடுன்னு நினைச்சது பள்ளமா மாறிடும். தூரமும் ஏமாத்தும். நிலாவுல சீனாவோட யூட்டு-2 ரோவர் 2021 கடைசியில ஒரு "குடிசை" பாத்துச்சு, 80 மீட்டர் தள்ளி, அழகா சதுரமா நின்னுச்சு. 2022 ஜனவரியில கிட்ட போனா பள்ளத்து விளிம்புல ஒரு சின்ன கல்லு, முயல் மாதிரி. அரண்டவன் கண்ணுக்கு கதை தான்.

என்ன கேட்டா, வடிவத்த வெச்சு சண்டை போடறதே வேஸ்ட். காத்தும் மணலும் கோடிக்கணக்கான வருஷமா அரிச்சா தொடை எலும்பும் வரும், 2014 ஆகஸ்ட்ல க்யூரியாசிட்டி படத்துல வந்துச்சே. கேக்க வேண்டியது அந்த கல்லு எதால ஆனது, சுத்தி இருக்கற கல்லோட ஏன் ஒத்துப் போகலங்கறத. 2005 ஜனவரியில ஆப்பர்ச்சுனிட்டி தான் இறங்கறப்போ கழட்டி விட்ட ஹீட் ஷீல்டு (வெப்பக் கவசம்) பக்கத்துலயே குழி குழியா ஒரு கல்ல பாத்துச்சு, இரும்பும் நிக்கலும், வேற கிரகத்துல கண்டுபிடிச்ச முதல் விண்கல் அதுதான். 2024 மே 30ல க்யூரியாசிட்டி சக்கரம் ஏறி ஒரு சாதாரண கல்லு நொறுங்கிச்சு, உள்ள மஞ்சப் படிகம், பாத்தா சுத்தமான கந்தகம், செவ்வாய்ல அதுக்கு முன்னாடி அப்படி பாத்ததே இல்ல. உடையறதுக்கு முன்னாடி அந்த கல்லுக்கு யாரும் வட்டம் போட்டிருக்க மாட்டாங்க.

இவ்ளோத்துக்கு அப்புறமும் ஒருத்தர் "இல்ல சார், இது நாலு மீட்டர் சிலை"ன்னா, ஹைரைஸ் படத்துல அந்த இடத்த காட்ட சொல்லுங்க. மேல சுத்தற ஆர்பிட்டர்ல இருக்கற கேமரா, ஒரு பிக்சலுக்கு 25, 30 சென்டிமீட்டர் வரைக்கும் தெரியும், க்யூரியாசிட்டியே அதுல தெரியுது. அது பெரும்பாலும் அங்க மதியம் மூணு மணி வாக்குல தான் படம் எடுக்கும், வெயில் ஓரளவு சாஞ்சிருக்கும், அதனால நாலு மீட்டர் சிலைக்கு சுமார் 13 பிக்சல் நீளத்துக்கு ஒரு நிழல் கிடைக்கணும்.