களைத்து வரும் மாலைக்கு அரைமணி நேரச் சமையல்: ரொட்டி அதேதான், சம்பல் மட்டும் புதிது

தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டோ, ஹட்டன் பஸ்ஸில் நின்றபடியே வந்தோ வீடு சேருகிறவருக்கு அடுப்படியில் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்கத் தெம்பு இருப்பதில்லை. ஆனால் நேற்றைய ரொட்டியும் நேற்றைய பருப்பும் இன்றும் வந்தால் நாக்கு முரண்டுபிடிக்கிறது. இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி, வயிற்றை நிரப்பும் பண்டத்தைப் பழகியபடியே வைத்துக்கொண்டு, தொட்டுக்கொள்வதை மட்டும் மாற்றுவதாகும். புதிய சம்பல் வாய்க்குப் பிடிக்காமல் போனாலும் ரொட்டி கையில் இருக்கும். யாரும் பட்டினியோடு படுக்க வேண்டியதில்லை.

ஓய்வுநாளில் பத்து நிமிடம் ஒதுக்கி, 15 காய்ந்த மிளகாயை வெறும் சட்டியில் லேசாக வறுத்து, 2 மேசைக்கரண்டி மாசிக் கருவாடும் 1 தேக்கரண்டி உப்பும் சேர்த்து உரலில் இடித்து, ஈரமில்லாத போத்தலில் போட்டு வையுங்கள். வெங்காயத்தையும் எலுமிச்சையையும் அப்போதே சேர்த்துவிடக் கூடாது. அவற்றின் ஈரத்தால் இடித்தது சீக்கிரம் கெட்டுவிடும். வேண்டிய அன்று ஒரு கரண்டி எடுத்து, ஆறேழு சின்ன வெங்காயத்தோடு தட்டி, எலுமிச்சை பிழிந்தால் கட்டச்சம்பல் ஆயிற்று.

மூவருக்கான ரொட்டிக்கு 2 கோப்பை கோதுமை மா, 1 கோப்பை தேங்காய்ப்பூ, அளவான உப்பு, ஒரு கைப்பிடி அரிந்த லீக்ஸ் ஆகியவை போதும். லீக்ஸ் மடல்களுக்கு இடையில் மண் தங்கியிருக்கும் என்பதால், முதலில் நெடுக்காகப் பிளந்து கழுவிய பிறகே அரிய வேண்டும். பச்சைப் பகுதியை வீசிவிடுகிறவர்கள் பாதிச் சுவையை வீசுகிறார்கள். உப்புப் பட்டதும் லீக்ஸ் தண்ணீர் விடுமாகையால், வெதுவெதுப்பான நீரை முக்கால் கோப்பைக்கு மேற்படாமல் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைந்து, மூடிப் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு, முகம் கழுவி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள். அதற்குள் மா இளகி, கையால் தட்டினாலே விரிந்துகொடுக்கும். கல் அதிகம் காய்ந்திருந்தால் வெளியே கருகி உள்ளே மாவாகவே இருக்கும். நடுத்தர நெருப்பே நல்லது.

இதற்குத் துணையாக நான் முதலில் சிபாரிசு செய்வது மரத்தக்காளிச் சம்பலை. நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் முட்டை வடிவில் சிவந்து தொங்கும் இந்தப் பழத்தை எங்கள் வீடுகளில் பலர் சீனி போட்டுத் தின்பதோடு விட்டுவிடுகிறார்கள். நன்கு பழுத்த மூன்றை நெருப்பில் சுட்டு, தோலை உரித்து, பச்சைமிளகாய், வெங்காயம், உப்பு சேர்த்துப் பிசைந்தால் புளிப்பும் புகைவாசமும் கலந்த சம்பல் கிடைக்கும், எலுமிச்சை தேவைப்படாது. தோல் கசக்கும் என்பதை, ஒருமுறை அவசரத்தில் தோலோடு அரைத்து முழுவதையும் வெளியே கொட்டியதன் மூலம் அறிந்துகொண்டேன்.

பருப்பு ஏன் இந்தக் குளிர் ஊர்களில் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு விளக்கம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு விறகு தள்ளினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. ஆகவே வீட்டுக்குள் வந்ததுமே மைசூர்ப் பருப்பை வெந்நீரில் ஊறப்போடுங்கள், அல்லது பிரஷர் குக்கரில் இரண்டு விசில் விடுங்கள். புளிப்பு எதுவானாலும், மரத்தக்காளி உட்பட, பருப்பு குழைந்த பின்பே சேர வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் வேகத் தாமதமாகும்.

ரொட்டி பிசையக்கூட மனமில்லாத நாளில் சோறும் டின் மீனும் போதும். வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் தாளித்து, தக்காளி வதங்கியதும் மீனைப் போட்டு, இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு மிகக் காரமான மிளகாயான நைமிரிஸ் ஒன்றை முழுதாக, காம்போடு மேலே வைத்து மூடிவிடுங்கள். அதன் வாசனை கறி முழுவதும் இறங்கும்; ஆனால் கரண்டி பட்டு அது உடைந்துவிட்டால் அந்தக் கறியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. பரிமாறுமுன் எடுத்துத் தனியாக வைத்தால், துணிந்தவர் தம் தட்டில் கிள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.

கொழுந்தையே சம்பலாக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பர்மாவில் தேயிலையைப் புளிக்கவைத்து உணவாகவே உண்கிறார்கள். ஆனால் மருந்தடித்த மலையிலிருந்து பறித்து வாயில் போடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வீட்டுத் தோட்டத்தில் மருந்து படாத செடி நின்றால், இளந்தளிர் ஏழெட்டை நூலாக அரிந்து, உப்பிட்டுப் பிசைந்து பிழிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், எலுமிச்சையோடு கலக்கலாம். கசப்பு சற்று நிற்கும். தேநீரைப் போலவே இதுவும் தூக்கத்தை விரட்டக்கூடியது என்பதால், களைத்து வந்த இரவுக்கு வேண்டாம். ஓய்வுநாள் மத்தியானச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.