கேம் டிசைன் எலெக்டிவ் எடுத்தாச்சா? இந்தத் தவறுகளில் மாட்டாதீர்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்து, கேம் டெவலப்மென்ட் எலெக்டிவ் எடுத்த பலரும் முதல் நாளே செய்வது கேம் செய்ய உதவும் யூனிட்டி எஞ்சினை டவுன்லோடு போடுவதுதான். பல ஜிபி. ஜூலை மழையில் நம்ம ஊர் நெட் இருக்கிற லட்சணத்துக்கு ராத்திரி முழுக்க ஓடும். அந்த நேரத்தில் ஒரு பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தால் கேமின் முக்கியமான பாதி முடிந்துவிடும் என்பது என் கட்சி. கேம் என்பது முதலில் விதிகள், அப்புறம்தான் கோடு (code).

இதற்கு உதாரணம் தேடி ஊட்டியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. ஸ்னூக்கர் 1875-ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகளிடையே உருவானது, அதன் விதிகளை ஒழுங்காக எழுதி மாட்டியது 1882-ல் நம்ம ஊட்டி கிளப்பில். நெவில் சேம்பர்லைன் (பிற்காலத்துப் பிரிட்டிஷ் பிரதமர் இல்லை, அதே பெயரில் ஒரு ராணுவ அதிகாரி) மேசையையோ குச்சியையோ கண்டுபிடிக்கவில்லை. பில்லியர்ட்ஸ் மேசையில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த ஆட்டங்களைக் கலந்து, கலர் பந்துகளைச் சேர்த்தார், அவ்வளவுதான். ஒரு சிவப்பைப் போட்டால்தான் அடுத்து கலரை அடிக்கலாம் என்ற ஒரே விதி, இந்தப் பந்தைப் போட்டபின் வெள்ளைப் பந்து எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு அடிக்கும் யோசிக்க வைக்கிறது. கிராபிக்ஸ் இல்லை, எஞ்சின் இல்லை, இன்றைக்கும் ஆடுகிறார்கள்.

இப்போது நம்ம பையன்கள் செய்வதைப் பாருங்கள். மலை ரயிலை வைத்து கேம் செய்ய இங்கே யாருக்குத்தான் ஆசை வராது? உடனே பிளெண்டர் என்ற 3டி மாடலிங் சாஃப்ட்வேரைத் திறந்து 46 கிலோமீட்டர் பாதை, 208 வளைவு, 16 குகை என்று மாடலிங்கில் இறங்கிவிடுகிறார்கள். செமஸ்டர் முடியும்போது அழகான பாதை ஒன்று இருக்கும், பனிமூட்டம்கூட இருக்கும், ஆனால் ஆடுகிறவர் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே சும்மா வேடிக்கை பார்ப்பார். அந்த ரயிலில் ஆட்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரப் பாதை, ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது, பிரேக் பிடிக்கப் பெட்டிக்குப் பெட்டி தனித்தனி ஆள். இறங்கும்போது எந்தப் பெட்டியில் எப்போது, எவ்வளவு பிரேக்? இதுதான் கேம். இதை நாலு சதுரப் பெட்டியும் ஒரு சாய்ந்த கோடும் வைத்து ஒரே சாயங்காலத்தில் சோதித்துவிடலாம். சதுரத்திலேயே சுவாரசியம் இல்லையென்றால் குகை வரைந்தும் வராது.

சரி, கோடு (code) பக்கம் வருவோம். லேபில் சரியாக ஓடிய கேம் நண்பனின் லேப்டாப்பில் பேய் வேகத்தில் ஓடுகிறதா? ஒரு ஃப்ரேமுக்கு (திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும்) 5 யூனிட் நகரு என்று எழுதியிருப்பீர்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் இடத்தில் அது 300 யூனிட், 144 ஓடும் இடத்தில் 720. நொடிக்கு எவ்வளவு என்று வேகத்தை வைத்து டெல்டா டைமால் (போன ஃப்ரேமிலிருந்து இந்த ஃப்ரேம் வரை ஆன நொடி) பெருக்குங்கள். இதைக் கற்றுக்கொண்ட ஜோரில் கண்ணில் பட்டதையெல்லாம் பெருக்குவது அடுத்த தவறு. மவுஸ் நகர்ந்த தூரம் ஏற்கெனவே அந்த ஃப்ரேமுக்கான அளவுதான், அதையும் பெருக்கினால் கேமரா ஒவ்வொரு மெஷினிலும் ஒவ்வொரு மாதிரி திரும்பும். யூனிட்டியில் பிசிக்ஸ் தனியாக, நீங்கள் மாற்றாதவரை 0.02 நொடிக்கு ஒருமுறை ஓடும். ஜம்ப் கீயை அழுத்திய நொடியை அங்கே போய்த் தேடினால் சில அழுத்தல்கள் தவறிப்போகும், ஆடுகிறவர் கீபோர்டைத் திட்டுவார். கீயை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஓடும் அப்டேட்டில் பிடித்து வைத்துக்கொண்டு, தள்ளும் விசையை (force) பிசிக்ஸோடு ஓடும் ஃபிக்ஸ்டு அப்டேட்டில் கொடுங்கள்.

குதிக்கிறானா, அடிக்கிறானா, விழுகிறானா என்று ஆளுக்கொரு பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) வைத்து இஃப் மேல் இஃப் அடுக்குவதும் வேண்டாம். இரண்டு பூலியன் ஒரே நேரத்தில் ட்ரூ ஆகும் நாளில் தலை சுற்றும். நிலைகளைப் பெயரிட்டுப் பட்டியலிடும் ஒரு எனம் (enum), ஒரு சமயத்தில் ஒரே நிலை, போதும்.

எந்த எஞ்சின் நல்லது என்ற சண்டையில் ஒரு வாரத்தைத் தொலைக்காதீர்கள். 2023 செப்டம்பரில் யூனிட்டி இன்ஸ்டாலுக்குக் கட்டணம் என்று அறிவித்து, 2024 செப்டம்பரில் அதைக் கைவிட்டது, அந்தக் கலவரத்தில் நிறைய பேர் கோடோ (Godot) என்ற இன்னொரு எஞ்சின் பக்கம் போனார்கள். கோடோ இலவசம், டவுன்லோடும் சின்னது, பழைய லேப்டாப்பிலும் ஓடும், அதனால் மலையில் நான் அதைத்தான் சொல்வேன். லேபில் யூனிட்டி என்றால் யூனிட்டி.

தென்மேற்குப் பருவத்தில் ஒரு மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஊர் இது, அப்படியிருந்தும் புராஜெக்டை பென் டிரைவில் ஃபைனல், ஃபைனல் 2 என்று காப்பி எடுத்துக்கொண்டு திரிகிறார்கள். முதல் நாளே கிட் (Git) போடுங்கள், ஒவ்வொரு மாற்றத்தையும் அது பதிந்து வைக்கும். யூனிட்டியின் லைப்ரரி ஃபோல்டரை, கிட் கண்டுகொள்ளாமல் விட, கிட்-இக்னோர் (.gitignore) ஃபைலில் போடுங்கள், அது தானாகத் திரும்ப உருவாகும். கிட் புராஜெக்டை ஆன்லைனில் வைக்கும் கிட்ஹப்பில் 100 எம்பிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது, பெரிய டெக்ஸ்சர்களுக்கு (மாடல் மேல் ஒட்டும் படங்கள்) பெரிய ஃபைல்களுக்கான எல்எஃப்எஸ் (Git LFS) வேண்டும். கரண்ட் இருக்கும்போதே கிட்ஹப்புக்கு புஷ் பண்ணிவிடுங்கள்.

அப்புறம், கேமை ஹாஸ்டல் நண்பர்களிடம் மட்டும் காட்டாதீர்கள். அவர்கள் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள், எங்கே குதிக்கணும் என்று அவர்களுக்குத் தெரியும். மே சீசனுக்குக் கோவையிலிருந்து மேலே வரும் சித்தி பசங்களிடம் கொடுங்கள். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். "டேய், அந்தக் கதவைத் தொடுடா" என்று சொல்லத் துடிக்கும், சொல்லக் கூடாது. ஆடுகிறவர் பக்கத்தில் நீங்கள் எப்போதும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. எங்கே நின்றார், எந்தப் பட்டனைத் தப்பாக அழுத்தினார், எப்போது போனை எடுத்தார் என்று எழுதுங்கள். "நல்லாருக்குண்ணா" என்று அவர்கள் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள், பாதியில் போனை எடுத்ததுதான் உண்மையான பதில்.

வைவாவுக்கு முந்தின ராத்திரி முதல்முறையாக பில்ட் (எஞ்சின் இல்லாமலே தனியாக ஓடும் கேம்) எடுப்பதும் நம்ம பழக்கம். எடிட்டரில் ஓடியது பில்டில் ஓடாமல் போக ஆயிரம் காரணம் உண்டு, ஒரு சீனை (கேமின் ஒரு காட்சி) பில்ட் பட்டியலில் சேர்க்க மறந்தது அதில் ரொம்பச் சாதாரணம். முதல் வாரத்திலேயே அந்த நாலு சதுரத்தை பில்ட் எடுத்து, எஞ்சின் போடாத வேறு ஒரு மெஷினில் திறந்து பாருங்கள்.