புக் நல்லா இருக்குன்னு அடுத்தவங்களுக்கு சொல்றப்போ நாம பண்ற தப்புங்க

போன வருஷம் ஒரு நாவல் முடிச்ச கையோட, ராத்திரி பதினொன்றரை மணின்னுகூட பாக்காம ஒரு ஃப்ரெண்டுக்கு மெசேஜ் போட்டேன், "செம புக், கண்டிப்பா படி". அவளும் நம்பி வாங்கிட்டா. நாலு நாள் கழிச்சு "அறுபதாம் பக்கத்தோட நிறுத்திட்டேன்"னு மட்டும் சொன்னா. அந்தக் கதைல அப்பா ஆஸ்பத்திரில கிடந்து கொஞ்சம் கொஞ்சமா போறது பக்கம் பக்கமா வரும், அவ அப்பா தவறி அப்போ எட்டு மாசம்கூட ஆகல, அது எனக்கு நல்லாவே தெரியும், ஆனா படிச்சு முடிச்ச வேகத்துல ஞாபகத்துக்கே வரல. இப்ப நினைச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு.

அதனால என்னைப் பொறுத்தவரை பெரிய தப்பு இதுதான், யாருக்கு சொல்றோம்னு யோசிக்காம சொல்றது. முடிச்ச சூட்டுல எல்லா புக்கும் பிரமாதமாத்தான் தெரியும், ரெண்டு மூணு நாள் விட்டுப் பாருங்க, அப்புறமும் எந்த இடம் மனசுல நிக்குதோ அதச் சொல்லுங்க. சொல்றதுக்கு முன்னாடி அவங்க கிட்ட ஒரு கேள்வி கேளுங்க, "கடைசியா எந்த புக்க பாதில விட்டீங்க, ஏன்?" பிடிச்ச புக் லிஸ்ட விட இந்த பதில்லதான் அவங்க ரசனை நல்லா புரியும்.

அடுத்தது, "வேற லெவல்", "மிஸ் பண்ணாதீங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போறது. இதுல இருந்து கேக்கறவங்களுக்கு என்ன தெரியும்? ரஷ்ய எழுத்தாளர் தாஸ்தயெவ்ஸ்கியோட 'குற்றமும் தண்டனையும்' நாவலச் சொல்றீங்கன்னு வைங்க, ரஸ்கோல்னிகோவ்னு வர்ற ஆளையே ஒருத்தர் ரோடியான் ரொமானோவிச்னு கூப்பிடுவாரு, அம்மா ரோத்யான்னு கூப்பிடுவாங்க, மூணு பேரும் ஒரே ஆள்தான், ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு படிங்கன்னு சொன்னா அது உதவி. பேரு குழப்பத்துலயே எத்தனையோ பேர் ஆரம்பத்துல மூடி வச்சிடறாங்க.

மொழிபெயர்ப்பு புக்குன்னா யார் மொழிபெயர்த்ததுன்னும் சேர்த்து சொல்லணும், இத நிறைய பேர் விட்டுடறாங்க. இதே நாவலுக்கு இங்கிலீஷ்ல கான்ஸ்டன்ஸ் கார்னெட் பண்ணினது 1914ல வந்தது, பெவியர், வோலகோன்ஸ்கி ரெண்டு பேரும் பண்ணினது 1992ல, நடை அவ்வளவு வித்தியாசம். நீங்க ஒண்ண படிச்சு உருகியிருப்பீங்க, அவங்க கைல இன்னொண்ணு கிடைச்சு "இதுல என்ன இருக்கு"ன்னு நினைப்பாங்க.

ஸ்பாய்லர் பத்தி எல்லாருக்கும் தெரியும், ஆனா "கடைசில ஒரு ட்விஸ்ட் இருக்கு பாருங்க"ன்னு சொல்றதே பாதி ஸ்பாய்லர்தான், படிக்கிறவங்க ஒவ்வொரு பக்கத்துலயும் அதையே தேடிட்டு இருப்பாங்க. அகதா கிறிஸ்டியோட 'தி மௌஸ்ட்ராப்' நாடகம் லண்டன்ல 1952ல ஆரம்பிச்சது, கொலை பண்ணினது யாருன்னு வெளிய சொல்லாதீங்கன்னு முடிவுல பாக்க வந்தவங்க கிட்டயே கேட்டுப்பாங்க. நாமளும் அந்த அளவுக்கு வாயைக் கட்டிக்கிட்டா நல்லது. ஒருத்தரை நிஜமா காயப்படுத்தற விஷயம் இருந்தா மட்டும் அவங்க கிட்ட தனியா சொல்லிடலாம், அது தப்பே இல்ல.

ஒரே நேரத்துல பதினஞ்சு புக் லிஸ்ட் அனுப்பாதீங்க, ஒண்ணு போதும். அனுப்பிட்டு வாராவாரம் "படிச்சாச்சா?"ன்னு கேக்காதீங்க, அப்புறம் அது ஹோம்வொர்க் ஆயிடும். விக்கிற புக்கோட திருட்டு பிடிஎஃப்ப சேர்த்து அனுப்பறதும் வேண்டாம், உங்களுக்கு அவ்வளவு பிடிச்சத எழுதினவருக்குத்தான் நஷ்டம்.

அந்த ஃப்ரெண்டு போன மாசம் எனக்கு ஒரு புக் குடுத்தா. முதல் பக்கத்துல பென்சில்ல சின்னதா எழுதியிருந்தா, "140ம் பக்கத்துல நாய் செத்துடும், முடியலன்னா தாண்டிடு". எங்க வீட்டு நாய் போய் ரெண்டு மாசம்தான் ஆகுது.