குதிரை ஜி5-க்கு வந்தால் என்ன செய்வது?

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து டர்பனில் முதல் செஸ் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு, கறுப்புக் காயில் ஒரே ஒரு தொடக்கம் சொல்லித்தரத்தான் நேரம் இருக்கிறதா? இதைச் சொல்லிக்கொடுங்கள். சிறுவர் ஆட்டங்களில் வெள்ளை அடிக்கடி இப்படித்தான் வரும் (எழுத்தும் எண்ணும் காய் போய்ச் சேரும் கட்டம்; காயின் பெயர் இல்லாவிட்டால் அது சிப்பாய்; வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி): இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4, குதிரை எஃப்6, உடனே குதிரை ஜி5.

எஃப்7 கட்டத்தைப் பாருங்கள். பிஷப்பும் குதிரையும் சேர்ந்து குறிவைக்கின்றன, காவலுக்கு ராஜா மட்டும். குதிரை அங்கே இறங்கினால் ராணிக்கும் யானைக்கும் ஒரே நேரத்தில் அடி. அதனால் சிப்பாயை டி5-க்குத் தள்ளி பிஷப்பின் வழியை அடைக்க வேண்டும். வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டும். இங்கேதான் கவனம்: கை தானாக எஃப்6 குதிரையை எடுத்துத் திருப்பி வெட்டப் போகும். வேண்டாம். வெட்டினால் வெள்ளை தன் குதிரையை எஃப்7-ல் பலி கொடுக்கும், ராஜா அதை வெட்டியதும் ராணி எஃப்3-ல் செக் வைக்கும், டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6 வரை நடுப்பலகைக்கு வந்து நிற்க வேண்டிவரும். பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு அந்தப் பாடு?

சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் பிஷப்பைத் தாக்கச் சொல்லுங்கள். பழைய இத்தாலிய ஆட்டக்காரர் பொலேரியோவின் பெயரில் வழங்கும் தற்காப்பு இது. பிஷப் பி5-ல் செக் வைத்தால் சிப்பாய் சி6. வெள்ளை வெட்டினால் பி சிப்பாயால் திருப்பி வெட்டு. பிஷப் இ2-க்குப் பின்வாங்கும். ஹெச்6 ஆடிக் குதிரையை விரட்டி, அது எஃப்3 போனதும் இ4 ஆடி மறுபடி விரட்ட வேண்டும். ஒரு சிப்பாய் குறைவுதான், பிள்ளையின் முகம் வாடும். ஆனால் வெள்ளையின் குதிரையும் பிஷப்பும் ஓடியே நேரத்தைக் கழித்திருக்கின்றன, இன்னொரு காய்கூட வெளியே வரவில்லை என்பதைப் பலகையிலேயே காட்டுங்கள். குதிரை இ5-க்குத் தாவினால் பிஷப் டி6, அப்புறம் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தி ராஜாவை ஓரமாக ஒதுக்குவது).

வீட்டில் டி5-ல் சிப்பாய் வெட்டுப்பட்ட நிலையை அடுக்கிவைத்து, நீங்கள் வெள்ளையாக உட்காருங்கள். பிள்ளை ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் சொல்லணும். மனப்பாடம் மட்டும் இருந்தால், எதிராளி கொஞ்சம் மாற்றி ஆடியதும் நின்றுவிடும்.

போட்டி மேசையில், விதிப்படி, ஒரு காயைத் தொட்டுவிட்டால் அதைத்தான் நகர்த்தியாக வேண்டும். எஃப்6 குதிரையை அவசரமாகத் தொட்டால் படித்ததெல்லாம் வீண், ஆகவே யோசிக்கும்போது கை மடியில் இருக்கட்டும். நகர்வை ஆடிய பிறகே தாளில் எழுதணும். கைபேசி அப்பா அம்மாவிடம்.

வெள்ளை ஜி5-க்கு வராமல் அமைதியாக டி3 ஆடினால்? பிஷப் சி5, காஸ்லிங், டி6. அவ்வளவு போதும்.