பத்துக்குப் பத்து என்ற கணக்கு

"அக்கா, ஸ்டெம் செல் போட்ட பத்துப் பிள்ளையும் உயிரோட இருக்காம்!" சிங்கப்பூர் தேக்கா காப்பிக்கடையில் தோழி கைப்பேசியை நீட்டினாள். அவள் பேரன் இடப்பக்க இதயம் சரியாக வளராமல் பிறந்தவன். நான் குழந்தைகள் வார்டில் தாதியாக இருந்தவள் என்பதால் கேட்டாள். வயிற்றில் பால் வார்க்கும் செய்திதான். ஆனால் அவனுக்கு எவ்வளவு பலிக்கும் என்று அதை வைத்துக் கணிக்கும்போதுதான் தவறுகிறோம்.

அவள் படித்தது எல்பிஸ் 1 என்ற அமெரிக்க ஆய்வு. இந்த நோய்க்கு மூன்று அறுவை சிகிச்சைகள்: பிறந்த சில நாட்களில் ஒன்று, நாலைந்து மாதத்தில் அடுத்தது, இரண்டு வயதுக்கு மேல் கடைசி. இரண்டாவதின்போதுதான் ஸ்டெம் செல் எனும் உயிரணுக்களை இதயத்தில் செலுத்தினார்கள். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையில்தான் நிறையக் குழந்தைகளை இழக்கிறோம். அதைத் தாண்டி வந்தவர்களை, இந்த நோயோடு பிறந்த எல்லாக் குழந்தைகளோடும் ஒப்பிட்டால் எந்த மருந்தும் நன்றாகத்தான் தெரியும்.

அப்புறம், பத்து என்பது சின்ன எண். நூற்றுக்குப் பத்துப் பேரை இழக்கும் நிலையில்கூட, எந்தப் பத்துப் பேரை எடுத்தாலும் எல்லோரும் பிழைத்திருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, மருந்தே கொடுக்காவிட்டாலும். அதனால்தான் அடுத்த ஆய்வான எல்பிஸ் 2-இல் 38 குழந்தைகளை, உயிரணு பெறுவோர், பெறாதோர் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள்.

இன்னொன்று, போட்ட உயிரணு இதயத் தசையாக வளரும் என்ற நம்பிக்கை. பெரும்பாலானவை சில நாட்களில் மறைந்துவிடும். அவை சுரக்கும் பொருட்கள்தான் உதவுவதாகக் கருதுகிறார்கள். பெரியவர்களின் இதயத்தில் தசை புதிதாக வளர்ந்ததாகச் சொன்ன பழைய கட்டுரைகளை நம்பாதீர்கள். ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி 2018-இல் ஹார்வர்டே கேட்டது.

எலியில் கிடைத்த முடிவையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் எமரி, ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குழந்தைகளின் இதயத்திலிருந்து எடுத்த உயிரணுக்களை எலிகளுக்குச் செலுத்தினார்கள். பச்சிளம் குழந்தையின் உயிரணுவே நன்றாக வேலை செய்தது. எந்த உயிரணு பலிக்கும் என்று கணினியில் கணிக்கவும் முயன்றார்கள். இதைப் படித்துவிட்டு, "தொப்புள்கொடி ரத்தம் சேமித்திருக்கிறோமே, போதாதா?" என்கிறார்கள். போதாது. அது ரத்தம் உருவாக்கும் உயிரணு, இது இதயத் திசுவிலிருந்து வந்தது.

இங்கே உயிரணு சிகிச்சைப் பொருட்களை 2021 மார்ச் முதல் சுகாதார அறிவியல் ஆணையம் தனி விதிகளின்கீழ் கண்காணிக்கிறது. யாராவது காசுக்குத் தருகிறேன் என்றால் முதலில் அனுமதியைக் கேளுங்கள்.

"சரி, டாக்டரிடம் என்ன கேட்பது?" என்றாள். "எந்தக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள் என்று கேள்" என்றேன். கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.