அப்பாவுக்கு எந்தப் புத்தகம் கொடுப்பது? சாதி, பாலினம் பற்றி வீட்டில் பேச விரும்புவோருக்கு

சாதியைப் பற்றிப் பேச்செடுத்தால் என் அப்பா எழுந்து போகமாட்டார். கேட்பார், எதிர்க்கேள்வி போடுவார். உங்கள் வீட்டிலும் அப்படியொருவர் இருந்தால் இந்த வரிசை உதவும்.

படி 1: கதையில் தொடங்குங்கள். அம்பேத்கர் 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய சாதி ஒழிப்பு உரை கட்டாயம் படிக்க வேண்டியது. ஆனால் முதல் புத்தகமாக வேண்டாம். வாதத்தைக் கண்டால் மறுவாதம்தான் பிறக்கும்.

படி 2: புத்தகத்துக்குள் ஓர் அப்பா இருக்கட்டும். எல்லாவற்றிலும் கடினமான படி இதுதான். நம்மை உலுக்கிய புத்தகத்தையே கொடுக்கத் தோன்றும். அதில் பெரும்பாலும் பிள்ளையின் குரல்தான் இருக்கும், அவர் தள்ளி நின்றே படிப்பார். இமையத்தின் 'பெத்தவன்' அப்படியல்ல. தலித் இளைஞனை விரும்பும் மகளைக் கொன்றுவிடும்படி ஊரே தகப்பனை நெருக்குகிறது. அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்காமல் எந்த அப்பாவாலும் அதைப் படிக்க முடியாது. சின்னப் புத்தகம், ஒரே மாலையில் முடித்துவிடலாம். முடிவை முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

அதே ஆசிரியரின் 'செல்லாத பணம்' 2020இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். எதிர்ப்பை மீறித் திருமணம் செய்துகொண்ட மகள் தீக்காயங்களோடு ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்க, வெளியே பெற்றோர் காத்திருக்கிறார்கள். குடும்பத்தில் அப்படியொரு சாவு நடந்திருந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். "படித்தீர்களா, என்ன நினைக்கிறீர்கள்?" என்று துளைத்தால் அது பரீட்சையாகிவிடும். அவரே பேசும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

படி 4: இனித் தன்வரலாறு. திருநங்கையரைப் பற்றி அறிய, லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா'. மகன் படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்று கனவு கண்ட அப்பா அதிலும் வருகிறார். பிறகு, தலித் பெண்ணாக வளர்ந்த வாழ்க்கையைச் சொல்லும் பாமாவின் 'கருக்கு' (1992). அதன் பேச்சுமொழி முதலில் தடுக்கும். சில பக்கங்களை நீங்களே வாசித்துக் காட்டினால் காதுக்குப் பழகிவிடும்.

அச்சுப் புத்தகமே வாங்குங்கள். போனில் பிடிஎஃப் அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். வாட்ஸ்அப் செய்திகளுக்கு நடுவே அது புதைந்துபோகும். மேசையில் கிடக்கும் புத்தகத்தை அம்மாவும் எடுத்துப் புரட்டுவார்.

பின்சேர்க்கை: அம்மாவுக்கு எதில் தொடங்குவது என்று ஒரு தோழி கேட்டாள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' என் தேர்வு. வாங்குமுன் எழுத்தின் அளவைப் பாருங்கள். பொடி எழுத்துப் பதிப்பு என்றால் வேறு பதிப்பைத் தேடுங்கள்.