பழைய கார் சூடேறுகிறதா? எங்கே ஏறுகிறது என்று முதலில் பாருங்கள்

சிங்கப்பூரில் பத்து ஆண்டு முடிந்த வண்டிக்கு சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுபவர்கள் நம்மில் பலர். என் வண்டிக்கு இப்போது 14 வயது. பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை, மலேசியாவின் ஜொகூர் போவதற்காக உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தோம். எப்போதும் நடுவில் நிற்கும் டெம்பரேச்சர் முள் மெல்ல எழுந்து சிவப்பைத் தொட்டது. பின்னால் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். என்ன செய்வதென்று தெரியாமல் கை நடுங்கியது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இல்லாதவரும் செய்யக்கூடியவை மட்டும்தான்.

முதல் படி: முள் ஏறும்போது

ஏர்கானை உடனே அணையுங்கள், கண்ணாடிகளை இறக்குங்கள். வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வையுங்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது இழுத்துக்கொள்ளும். இங்கே விற்ற பழைய கார்கள் சிலவற்றில் ஹீட்டரே கிடையாது, அதனால் தேடிப் பதற்றப்பட வேண்டாம். முள் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள். ‘இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டினால் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்துவிடக்கூடும். அப்புறம் அந்த வண்டியை வைத்திருப்பதா வேண்டாமா என்றே யோசிக்க வேண்டிவரும்.

விரைவுச்சாலையில் என்றால் ஹஸார்ட் விளக்கைப் போட்டு, எல்லாரையும் இறக்கி, தடுப்புக்கு அப்பால் நிற்க வையுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஈமாஸ் மீட்பு வண்டி அருகில் உள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும்.

ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். 120 டிகிரி வரைகூடப் போகும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், கொதிநீரும் ஆவியுமாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள். மேலே உள்ள தடித்த ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சூடு இல்லாமல், அமுக்கினால் மெத்தென்று இருந்தால்தான் தடித்த துண்டைப் போட்டு மெதுவாகத் திருகலாம். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், உலோகம் விரிசல் விட்டுவிடலாம்.

இரண்டாம் படி: எங்கே சூடேறியது?

பழுது எங்கே என்பதைப் பெரும்பாலும் இந்தக் கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும்.

நெரிசலிலும் சிவப்பு விளக்கிலும் ஏறி, தீவு விரைவுச்சாலையில் ஓடத் தொடங்கியதும் இறங்கினால், சந்தேகம் விசிறி மேல். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நின்றால் அந்த வேலை முழுதும் விசிறியுடையது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஏர்கானைப் போட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான ஜப்பானிய கார்களில் சில வினாடிகளில் விசிறி சுற்ற ஆரம்பிக்கும். துப்பட்டா, கழுத்தில் தொங்கும் வேலை பாஸ், விரல் எதுவும் அருகில் போகக் கூடாது. இன்ஜின் அணைந்திருந்தாலும் மின்விசிறி திடீரென்று சுற்றலாம்.

சுற்றவில்லையா? வண்டியை அணைத்துவிட்டு ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள். மூடியின் உட்புறம் எது எதற்கு என்ற படம் இருக்கும். ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருப்பது தெரியும். அது நன்றாக இருந்தால் அடுத்து ரிலே, விசிறிக்கு மின்சாரம் விடும் குட்டி சுவிட்ச் அது. அதே எண் உள்ள ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் மாற்றிச் செருகிப் பாருங்கள். என் வண்டியை முதலில் பார்த்த பட்டறையில் ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார்கள். காக்கி புக்கிட்டில் வேறொரு அண்ணன் ரிலேயை மாற்றிச் செருகியதும் விசிறி உறுமிக்கொண்டு சுற்றியது. “தம்பி, ஃபேன் நல்லாத்தான் இருக்கு, இதுதான் போச்சு” என்று கையில் கொடுத்தார். தீப்பெட்டியில் பாதிகூட இல்லை. அதனால்தான் அன்று சோதனைச்சாவடி வரிசை முழுதும் நின்றது.

நெரிசலில் சரியாக இருந்து விரைவுச்சாலையில் ஏறினால், தண்ணீர் குறைவு, உள்ளே அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், அல்லது தேய்ந்த வாட்டர் பம்ப். இது பட்டறை வேலை. ரேடியேட்டர் முன்னால் இலையும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பார்க்கலாம்.

புறப்பட்ட கொஞ்ச நேரத்தில், எந்தச் சாலையானாலும் ஏறினால் தெர்மோஸ்டாட். சுமார் 82 முதல் 90 டிகிரிக்குள் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் கதவு அது. மூடியபடி சிக்கிக்கொண்டால் பெரும்பாலும் மேல் ஹோஸ் கொதிக்கும், கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். ‘இந்த ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதற்கு, கழற்றி எறி’ என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். இன்ஜின் தன் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் பெட்ரோலும் கூடுதலாகும், தேய்மானமும் கூடும்.

மூன்றாம் படி: தண்ணீர் எங்கே போகிறது?

காலையில், வண்டி எடுக்கும் முன், ரேடியேட்டரோடு இணைந்த ரிசர்வ் டேங்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் கூலன்ட் (இதுவரை தண்ணீர் என்று சொன்ன நிறத் திரவம்) நிற்கிறதா பாருங்கள். குறைந்திருந்தால் இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். நிறமே இல்லாத ஈரம் என்றால் ஏர்கான் தண்ணீர், பயமில்லை. பச்சை அல்லது இளஞ்சிவப்பு என்றால் கூலன்ட். ஹோஸ் இணைப்புகளில் உப்புப் பூத்தது போல் படிந்திருந்தால் கசிவு அங்கேதான்.

வெளியே சொட்டு இல்லை, ஆனால் குறைகிறது என்றால் எண்ணெய் மூடியையும், எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். இரண்டிலும் தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) நுரை நிறத்தில் எண்ணெய் இருந்தாலோ, புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஓட்டாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றலாம், அதையே வழக்கமாக்க வேண்டாம். இங்கே பனி பெய்யாவிட்டாலும், துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் கூலன்ட்தான். உங்கள் வண்டிக் கையேட்டில் சொன்ன வகையையே வாங்குங்கள். சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். அது இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. நம் புளோக் பூனைகள் நக்கினால் சிறுநீரகம் கெட்டு இறந்துபோகலாம். வடிகாலிலும் ஊற்றாதீர்கள். நம் வடிகால்களில் பல நீர்த்தேக்கத்துக்குத்தான் போகின்றன.

பட்டறைக்குப் போகும்போது ‘கார் சூடாகுது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். நெரிசலிலா ஓட்டத்திலா, ஏர்கான் போட்டிருந்தீர்களா, எந்த ஹோஸ் குளிர்ந்திருந்தது, வாரத்துக்கு எவ்வளவு தண்ணீர் குறைகிறது என்று சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதற்கு நான் செய்வது இது: ரிசர்வ் டேங்கில் ஒரு துண்டு டேப் ஒட்டி, ஞாயிறு காலைதோறும் மட்டத்தைப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் தேதியை எழுதிவிடுகிறேன்.